கல், செம்பு, ஒளித்தட்டு: தீவகத்துச் சான்றுகளும் ஊடக மாற்றமும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணையொன்றைத் தாங்கியது. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து இறங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. மன்னனுக்கு யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோயின், நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று கூறும் உடையவனுக்கும் சேரும். பிற சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பராக்கிரமபாகு படையும் மரக்கலமும் திரட்டிய இடங்களைக் கூறும் சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனம், மாதோட்டம், வல்லிகாமம் முதலியவற்றோடு ஊராத்துறையையும் சேர்த்தே சொல்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அத்துறை பெற்றிருந்த முதன்மைக்கு இவ்விரு சாசனங்களும் போதிய சான்று. பின்னாளிற் போர்த்துக்கேயர் அதே துறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றினர். துறைமேடையைக் குறிக்கும் அவர்களது சொல்லிலிருந்தே 'கயிற்ஸ்' என்னும் பெயர் பிறந்தது. யானை வந்திறங்கிய துறை யானை ஏறிச்சென்ற துறையான கதை தனியே ஆராயத்தக்கது.

இச்சாசனத்தை எடுத்துப் பேசுவோரின் கவனம் பெரும்பாலும் வணிகத்தின்மீதே செல்வது இயல்பு. எனினும் அதன் இறுதியிலே வரும் செய்தியொன்று அத்துணை கவனம் பெறவில்லை. இவ்விதிகள் சந்திராதித்தர் உள்ளவரை நிலைபெறும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன என்பதே அச்செய்தி. ஒரே வாசகம், இரண்டு ஊடகம். கல் பெயராதது; வருவோர் போவோர் கண்ணிற் படுமாறு ஓரிடத்தில் நிற்பது. செப்பேடு கையடக்கமானது, பண்டாரத்திலே வைத்துப் பேணவும் வேண்டுமிடத்துக் கொண்டுசென்று காட்டவும் ஏற்றது. ஒன்று காட்சிக்கு, மற்றது காப்புக்கு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆவணக் காப்பின் அடிப்படை முறையொன்று தீவகத்துக் கரையிலே கைக்கொள்ளப்பட்டிருந்தது.

ஆனால் நடந்தது எதிர்மாறு. காப்புக்கென்று எழுந்த செப்பேடு கிடைக்கவில்லை; காட்சிக்கென்று நட்ட கல்லே எஞ்சியுள்ளது. அதுவும் முழுமையாக அன்று. தொடக்கப் பகுதி சிதைந்தது. செம்பை உருக்கினால் விலை உண்டு. கல்லைப் பெயர்த்தால் சுவருக்கு உதவும். ஓர் ஊடகத்தின் ஆயுளை அதன் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை; வேறெதற்கு அது பயன்படும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

இக்கல்லின் வாசகம் கல்லிலிருந்து தாளுக்கு வந்த முறை அறியத்தக்கது. கல்வெட்டுப் படி எடுப்போர் முதலிற் கல்லைக் கழுவித் துலக்குவர். பின் ஈரத்தாளை அதன்மேற் பரப்பி, விறைத்த மயிர்த் தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் படியுமாறு செய்வர். அதன்மேல் மை தோய்ந்த பொதியால் ஒற்றுவர். கல்லின் மேற்றளம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் பதியும். இதுவே மசிப்படி. அதனை ஒளிப்படமாக்கி, வாசித்து, அச்செழுத்திலே பெயர்த்தெழுதிய பின்னரே சாசனம் நூலகத்தை அடைகின்றது. பேராசிரியர் கா. இந்திரபாலா நயினாதீவுச் சாசனத்தை வாசித்து எழுதிய ஆய்வுக்கட்டுரை 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழிலே வெளிவந்தது. கல்லிலிருந்து தாள், தாளிலிருந்து ஒளிப்படம், ஒளிப்படத்திலிருந்து அச்சு என வாசகம் ஊடகம் மாறிக்கொண்டே வந்தது.

இம்மாற்றங்களில் நடு எளிதாக வந்து சேரும், ஓரமே தவறிப்போகும். கல்லின் தடிப்பும் பின்புறமும் மசிப்படியில் வாரா. அது நின்ற இடமும், முகம் பார்த்த திசையும், அருகே வேறு கற்கள் இருந்தனவா என்பதும் தனியே குறித்துவைத்தாலன்றி வாரா. ஓரத்தைச் சிறிதென எண்ணுதல் பிழை. நயினாதீவுச் சாசனத்தின் உடற்பகுதி தமிழ். மன்னனின் பெயரைத் தருவதோ இறுதியிலே வரும் வடமொழிப் பகுதி. தமிழ்ப் பகுதி போதும் என்று கருதி எவரேனும் அவ்வளவையே படியெடுத்திருப்பின், ஆணை எஞ்சியிருக்கும். ஆணையிட்டவன் எவன் என்பது ஊகமாய்ப் போயிருக்கும்.

ஏட்டுச் சுவடிகள் அச்சேறியபோதும் இதுவே நிகழ்ந்தது. நயினாதீவோடு பலர் இணைத்துப் பேசும் மணிபல்லவத்தைக் காட்டும் மணிமேகலை, உ. வே. சாமிநாதையரின் உழைப்பால் 1898 இல் அச்சாயிற்று. அவர் போன்ற சிலர் சுவடி கிடைத்த வரலாற்றையும் பாடவேறுபாட்டையும் குறித்துவைத்தனர். வேறு பலரோ நூலை எடுத்துக்கொண்டு ஏட்டை மறந்தனர். எழுதி முடித்த ஆண்டும் திங்களும், எழுதியவர் பெயர், எவருக்காக எழுதினார் என்ற விவரம் ஆகியன ஏட்டின் கடைசி இதழில் இருப்பது வழக்கம். நூலின் பகுதி அன்று என்று அவை விடப்பட்டன. நூல் பிழைத்தது, நூலைப் படித்த சமூகத்தின் வரலாறு கரையானுக்கு இரையாயிற்று.

இதற்கு மாறான நெறியைக் காட்டியவர் தீவகத்தவரான தனிநாயகம் அடிகள். 1913 இல் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனிலே பிறந்த அடிகளார், 1950களில் ஐரோப்பிய நூலகங்களிற் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிச் சென்றார். அந்தாம் தெ புரோஎன்சா என்ற யேசுசபைத் துறவி தொகுத்து, அவர் மறைவின்பின் 1679 இற் கேரளத்து அம்பலக்காட்டிலே அச்சிடப்பெற்ற தமிழ் – போர்த்துக்கேய அகராதியின் பிரதியொன்றை வத்திக்கான் நூலகத்திற் கண்டார். அதனைப் புதிதாக அச்சுக்கோத்து வெளியிட்டிருக்கலாம். அதுவே மலிவானதும் வாசிப்பதற்கு எளியதுமாகும். அவர் அவ்வாறு செய்யவில்லை. பக்கங்களை ஒளிப்படமெடுத்து, மூலத்தில் இருந்தவாறே 1966 இற் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார். எழுத்தின் வடிவம், அச்சின் தேய்வு, பிழை ஆகிய அனைத்தும் அப்படியே வந்தன. சொற்களை மட்டும் வேண்டியோர்க்கு அது சற்றுத் தொல்லையாக இருந்திருக்கலாம். தமிழ் அச்செழுத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ உரோமாபுரி செல்லும் செலவை அது மிச்சப்படுத்தியது.

இவ்விரு நெறிகளையும் மனத்திற்கொண்டே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த ஓர் ஊடக மாற்றத்தை நோக்குதல் வேண்டும். சிலைட்டுப் படங்கள் வீடியோத் தட்டுகளாக மாற்றப்பட்டமையே அது.

சிலைட் என்பது 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட வண்ணப் படச்சுருட்டுண்டு. ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் சதுரமான கடதாசி அல்லது பிளாஸ்ரிக் சட்டத்துள் அடைக்கப்பட்டது. 1936 இற் கொடாக் நிறுவனத்தின் கொடாக்குறோம் படச்சுருள் இவ்வளவில் வந்தபின், அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பல்கலைக்கழக விரிவுரையின் முதன்மைத் துணை இதுவே. வரலாறு, தொல்லியல், நுண்கலை, புவியியல், மருத்துவம் ஆகிய துறைகளின் அலுமாரிகளிற் சிலைட்டுப் பெட்டிகள் நிறைந்தன. இருட்டறையிலே புறொஜெக்டரின் விசிறி இரையும். வெண்திரையிலே ஒரு படம் விழும். விரிவுரையாளர் நீண்ட கோலாற் சுட்டுவார். "அடுத்தது" என்ற சொல்லே அவ்வகுப்புகளின் மந்திரம்.

தீவகம் இவ்வகை விரிவுரைக்கென்றே அமைந்ததுபோன்ற நிலம். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளும், இடிந்த ஒல்லாந்தர் கோட்டையும், புறாக்கூடும், பெருக்கமரமும், கட்டாக்காலிக் குதிரைகளும் சொல்லால் விளக்கச் சிரமமானவை. ஒரு படத்தில் விளங்கிவிடுபவை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுள் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கையின் வடிவம் பன்றித்தொடையை ஒத்ததென்று கண்டு, அத்தொடையின் குதிக்கால் என்னும் பொருளில் அதற்கு 'ஹமன்ஹீல்' என்று பெயரிட்டனர். நிலப்படமும் கோட்டையும் அடுத்தடுத்துத் திரையில் விழும்போதே இப்பெயரின் நகை புலனாகும்.

தொல்லியலிற் படத்தின் பங்கு இன்னும் கடுமையானது. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட கள ஆய்வுகள், காரைநகர்க் களபூமி, வேலணைச் சாட்டி ஆகிய இடங்களிற் பெருங்கற்காலப் பண்பாட்டுத் தடயங்களை வெளிப்படுத்தின. பொ. இரகுபதி 1987 இல் வெளியிட்ட யாழ்ப்பாணத்து ஆதிக் குடியிருப்புகள் பற்றிய ஆங்கில நூல் அவற்றை விரிவாகத் தொகுத்துரைத்தது. அகழ்வாய்வு என்பது ஏட்டைப் படித்துக்கொண்டே கிழிப்பது போன்ற தொழில். மண்ணடுக்கை ஒருமுறை வெட்டி எடுத்தபின் அவ்வடுக்கு மீளாது. மண்ணின் நிறவேறுபாடே அடுக்கைப் பிரித்துக் காட்டுவதாகலின், அதனை வண்ணத்திற் பதிந்த படம் வெறும் விளக்கப்படம் அன்று. அழிந்துபோன மூலத்தின் ஒரே படி. அதன் ஓரத்தில் வைத்த அளவுகோலும் வடதிசைக் குறியும் இல்லையாயின் அந்தப் படியும் பாதிப் பயனே தரும்.

சிலைட்டின் சட்டத்திலே எழுதப்பட்டவை வேறு. இடப்பெயர், நாள், வரிசையெண், படமெடுத்தவரின் சுருக்கப் பெயர் முதலியன பேனையால் எழுதப்பட்டிருக்கும். கொடாக் நிறுவனத்தின் கடதாசிச் சட்டங்களிற் கழுவப்பெற்ற திங்களும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏட்டின் கடைசி இதழுக்கு இது நிகர்.

இத்தகைய பெட்டிகள் பெருகப் பெருக மூன்று குறைகள் தலைதூக்கின. திரையிடும்தோறும் விளக்கின் வெப்பத்தாலும் ஒளியாலும் நிறம் மங்கிற்று. கடற்காற்றும் ஈரமும் மிக்க நாடுகளிலே படச்சுருளின் ஜெலற்றீன் படலத்திற் பூஞ்சணம் படர்ந்தது. ஆயிரக்கணக்கான படங்களுள் வேண்டிய ஒன்றைத் தேடுவதோ பெரும்பாடு. இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்தாகத் தோன்றியது, 1978 இறுதியில் அமெரிக்காவிலே பிலிப்ஸ், எம்.சி.ஏ. நிறுவனங்கள் சந்தைக்குக் கொண்டுவந்த வீடியோத் தட்டு. 30 சென்ரிமீற்றர் விட்டமுடைய அத்தட்டை லேசர்க் கதிர் தொடாமலே வாசித்தது. எனவே தேய்வு இல்லை. ஒரு பக்கத்தில் 54,000 சட்டகங்கள் அடங்கின. எண்ணை அழுத்தியதும் அச்சட்டகம் திரையிலே வந்து அசையாது நின்றது. அலுமாரி நிறைந்த சிலைட்டுகள் ஒரு தட்டில் அடங்கும் என்றால் நூலகர்களுக்கு அதைவிட இனிய செய்தி வேறு இருந்திராது.

வோஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 1982 இல் ஒளித்தட்டுப் பரீட்சார்த்தத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அந்நகரின் வான்–விண்வெளி அரும்பொருளகம் 1983 இல் வெளியிட்ட தட்டு, பக்கத்துக்கு 50,000 ஆக ஓரிலட்சம் ஒளிப்படங்களைத் தாங்கியது. மாற்றும் முறையும் மசிப்படி போலப் பல படிகளைக் கொண்டது. ஒவ்வொரு சிலைட்டும் திரைப்படச் சுருளில் ஒரு சட்டகமாகப் பதியப்பட்டது. அச்சுருள் வீடியோ நாடாவுக்கு மாற்றப்பட்டது. நாடாவிலிருந்து மூலத்தட்டு வெட்டப்பட்டு, அதிலிருந்து பிரதிகள் அழுத்தி எடுக்கப்பட்டன.

வழியில் இழந்தது எவ்வளவு? சிலைட்டின் அகலமும் உயரமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தின. தொலைக்காட்சித் திரையோ நான்குக்கு மூன்று. திரை நிறையவேண்டுமாயிற் படத்தின் இரு பக்கங்களிலுமாக ஒன்பதிலொரு கூறு வெட்டுண்ணும். கலமுடைந்தாற் பராக்கிரமபாகுவின் பண்டாரம் நாலிலொரு கூறு கொண்டது. இங்கே கலம் உடையாமலே ஒன்பதிலொரு கூறு போயிற்று. வெட்ட மனமில்லையேல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடலாம். நிமிர்த்தி எடுத்த படமாயின் திரையின் பாதி வெறுமையாகும். ஓரத்தில் வைத்த அளவுகோல் முதலில் தப்பிப்போகும் பொருள்களுள் ஒன்று என்பதைத் தொல்லியல் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நுணுக்கத்தில் நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. ஐரோப்பிய முறைத் தொலைக்காட்சியின் 625 கோடுகளிற் படத்தைத் தாங்குபவை 576; அமெரிக்க முறையில் இன்னும் குறைவு. இன்றைய நுண்வருடி ஒரு சிலைட்டின் உயரத்தில் 3,700 க்கு மேற்பட்ட புள்ளிகளை எடுக்க வல்லது. இருபது வரிக் கல்வெட்டொன்றின் படம் திரை முழுவதையும் நிறைத்தாலும், வரியொன்றுக்கு, இடைவெளியையும் சேர்த்து, இருபத்தொன்பது கோடுகளே கிடைக்கும். தேய்ந்த எழுத்து ரகரமா காலா என்று தெளிவதற்கு அது போதாது. சிலைட்டை வில்லையால் நோக்கினால் தீரும் ஐயம், தட்டிலே தீராத ஐயமாயிற்று. எந்த வகைப் படம் எங்கே உள்ளது என்று தேடிக் காண்பதற்குத் தட்டு இணையற்ற கருவி, ஆராய்வதற்கு அன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த நிறுவனங்கள் மூலங்களைக் குளிரறையிற் பேணி, தட்டை ஒரு பட்டியலாகக் கொண்டன. தட்டு வந்துவிட்டது என்று சிலைட்டை எறிந்திருப்பின் பட்டியலை வைத்துக்கொண்டு நூலகத்தைக் கொளுத்தியதாகும்.

தட்டின் ஆயுள் பற்றிய நம்பிக்கையும் விரைவிலே தகர்ந்தது. அழுத்தத்தில் ஏற்பட்ட குறைகளால் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் காற்றுப்பட்டு அரித்த தட்டுகள் இருந்தன. எனினும் பெரிய ஆபத்து தட்டிலன்று, அதை வாசிக்கும் பொறியில் இருந்தது. இங்கிலாந்தில் 1086 இற் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலப்பதிவேட்டின் தொள்ளாயிரமாண்டு நிறைவையொட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986 இற் புதிய பதிவேடு ஒன்றை இரண்டு வீடியோத் தட்டுகளில் வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர், அவர்களுட் பெரும்பாலோர் பள்ளி மாணவர், தத்தம் ஊர்களின் படங்களையும் விவரங்களையும் அளித்தனர். அதனை வாசிக்கத் தனிவகைக் கணினியும் தனிவகைத் தட்டியக்கியும் வேண்டியிருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பொறிகள் அருகிப்போயின. 2002 அளவில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் பழைய கணினியின் செயலைப் புதிய கணினியிற் போலச்செய்வித்து உள்ளடக்கத்தை மீட்டுக் காட்டினர். படங்களின் சிறந்த படி, தட்டிலிருந்தன்று, தட்டு வெட்டுவதற்குப் பயன்பட்ட மூல நாடாவிலிருந்து எடுக்கப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது. 1086 இன் தோற்சுவடியோ அப்போதும் கண்ணால் வாசிக்கக்கூடியதாயிருந்தது.

ஏடும் கல்லும் சிலைட்டும் இவ்வகையில் ஒரே குலத்தன. ஏட்டைக் கையில் எடுத்தால் எழுத்துத் தெரியும். சிலைட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்தாற் படம் தெரியும். தட்டை எவ்வாறு பிடித்தாலும் பிடித்தவர் முகமே தெரியும்.

தீவகத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு ஏட்டளவிலான வாதமன்று. வீடியோத் தட்டு உலகிற் பரவிய பதினைந்து ஆண்டுகள் தீவகத்துக்கும் குடாநாட்டுக்கும் நெருப்பாண்டுகள். 1981 ஜூன் முதலாம் நாள் விடியுமுன் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களை மீளத் தேடிச் சேர்க்க முடிந்தது, தனிப்பிரதியாயிருந்தவை மீளவில்லை. 1990 இற் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையினராக வீடுகளை விட்டு அகன்றனர். பூட்டிய வீடுகளின் அலுமாரிகளிலே திருமணப் படங்களும் காணி உறுதிகளும் கோயில் விழாப் படங்களும் கிடந்தன. அவ்வாண்டிலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. நெடுந்தீவுக்கு நாட்டின் பொது மின்வலை எட்டியதேயில்லை. தீவிலேயே எண்ணெய்ப் பொறிகளால் ஆக்கப்படும் மின்சாரமே அங்கு வழங்கி வந்தது. மின்சாரமின்றி வாய்திறவாத ஊடகம் இத்தகைய நிலத்திற்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அக்கால நூலகவியல் நூல்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளை 1980களில் எட்டியவை லேசர்த் தட்டுகளல்ல, வீடியோ நாடாக்களே. தட்டு வந்தது பின்னர், வேறு உருவில். 1993 இல் வகுக்கப்பட்ட வீடியோ சீடியும் 1996 இல் யப்பானில் அறிமுகமான டீவீடியும் உள்ளங்கையளவின, மலிவானவை. 2002 இன் போர்நிறுத்தத்தின்பின் பாதை திறந்து, புலம்பெயர்ந்தோர் ஊர் வந்து போகத் தொடங்கியபோது, பழைய படங்களையும் சிலைட்டுகளையும் தட்டாக மாற்றித் தருவது பல நாடுகளிலே தமிழ்க் கடைவீதிகளின் தொழில்களுள் ஒன்றாயிருந்தது. சிலைட்டுகளை ஒவ்வொன்றாக வருடி, சில விநாடிகள் நிற்கவிட்டு, ஒன்று மறைய மற்றது தோன்றுமாறு கோத்து, பின்னணியிலே நாதஸ்வரமோ திரையிசையோ சேர்த்துக் கொடுப்பர். பார்த்தவர் கண்கலங்கினர். அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வீடியோ சீடியிற் படத்தின் உயரம் வெறும் 288 புள்ளிகள். பின்னே நிற்பவர் முகம் மாவாகக் கரையும். சட்டத்தில் எழுதியிருந்த ஊரும் ஆண்டும் வருடியிற் படுவதேயில்லை. முன்பு புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று பெட்டி பெட்டியாக இருந்தவை இசைக்கேற்பக் கலந்து போயின. வரிசை குலைந்த ஏட்டுக்கட்டை மீளக் கோப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சுவடி பதித்தோர் அறிவர்.

சிலைட்டுக் காட்சிக்கு இன்னோர் உறுப்பும் உண்டு. அது பேச்சு. படங்களின் வரிசையைப் பேச்சே தீர்மானித்தது. "இந்தச் சுவரின் பின்னால் இருப்பதுதான்" என்று விரிவுரையாளர் சொல்லும் ஒரு வாக்கியம் படத்தில் இல்லாத திசையையும் தூரத்தையும் தந்தது. அவர் ஓய்வுபெற்றபின் எஞ்சுவது பேச்சிழந்த பெட்டி. தட்டாக மாற்றியோரும் படத்தை மாற்றினரேயன்றி, பேசியவரை அருகிலிருத்திப் பதிவுசெய்தவர் அரியர். படமெடுத்தவர் உயிரோடு இருக்கும்போது அரை மணி நேரத்தில் முடியும் வேலை, அவர் மறைந்தபின் ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருளாகிவிடுகின்றது. அப்போதும் விடை உறுதியாகக் கிடைப்பதில்லை.

கொடாக் நிறுவனம் சிலைட்டுப் புறொஜெக்டர் உற்பத்தியை 2004 இல் நிறுத்திற்று. கொடாக்குறோம் படச்சுருளை 2009 இல் நிறுத்திற்று. அதே 2009 இல் லேசர்த் தட்டியக்கிகளைச் செய்துவந்த பயனியர் நிறுவனமும் உற்பத்தியை நிறுத்தியது. மூலமும் அதன் மாற்றும் ஏறத்தாழ ஒன்றாகவே கடையை மூடின. இன்று மடிக்கணினிகளிற் சீடி வைக்கும் இடமே காணப்படுவதில்லை. வீட்டிலே எழுதப்பட்ட தட்டுகள் அழுத்தி எடுக்கப்பட்டவையல்ல. சாயப் படலத்திற் கதிராற் சுட்டெழுதப்பட்டவை. அச்சாயம் வெயிலிலும் வெக்கையிலும் கெடுவது. யாழ்ப்பாணத்துப் பகல் அதற்கு உகந்ததன்று.

இப்போது பொறுப்பு இன்னொரு கைக்கு மாறியுள்ளது. 2005 இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படிமமாக்கி எவரும் படிக்க வைத்தது. ஒளிப்படம், ஒலி, ஏட்டுச்சுவடி முதலியவற்றுக்கென 'ஆவணகம்' என்னும் பிரிவும் பின்னர் எழுந்தது. அடிகளார் அகராதிக்குச் செய்ததையே இவர்கள் ஆயிரக்கணக்கான நூல்களுக்குச் செய்கின்றனர்: எழுத்தை மட்டும் எடுக்காமற் பக்கத்தை எடுக்கின்றனர், அட்டையையும், விளம்பரத்தையும், முன்பு வைத்திருந்தவரின் கையொப்பத்தையும் சேர்த்தே எடுக்கின்றனர். சிலைட்டுக்கும் இதுவே பொருந்தும். படத்தை ஒருமுறை, சட்டத்தின் முன்பின் இருபுறத்தையும் ஒருமுறை எடுத்தல் வேண்டும். பெட்டியில் இருந்த வரிசையை எண்ணாற் காத்தல் வேண்டும். வேலை இரு மடங்காகும் என்பதனால் இது கைவிடப்படுவதுண்டு. மேலெழுத்து இல்லாத பவளக்கல் வேலியின் படம் நெடுந்தீவுடையதா அன்றா என்று சொல்லலாம். அது எந்த வட்டாரத்தது, எந்த ஆண்டில் அவ்வேலி இன்னும் நின்றது என்று சொல்ல இயலாது. காணியெல்லை, இடப்பெயர்வு, மீள்குடியேற்றம் முதலியன வழக்காகிப்போன தீவகத்தில் அவ்வாண்டும் வட்டாரமும் அழகுக்குரிய விவரங்களல்ல.

மின்படிமத்தின் பெருவலிமை, அது ஓரிடத்தில் இல்லாமையே. யாழ்ப்பாணத்தில் ஒன்று, கொழும்பில் ஒன்று, கடல்கடந்து ஒன்று என வைக்கலாம். கல்லிலும் செம்பிலும் என்ற பழைய ஆணையின் கருத்தும் இதுவே. ஆனால் செம்பு காணாமற்போனபோது கல் இருந்தது. வாசகம் கல்லை விட்டு எங்கும் போய்விடவில்லை. படிமம் எடுத்தாயிற்று என்று மூலத்தைக் கைவிடும் அலுவலகமும் வீடும், செப்பேடு எழுதியாயிற்று என்று கல்லைச் சுவருக்குக் கொடுப்பவை.

1963 இன் ஆய்விதழ்க் கட்டுரையை இன்று கணினித் திரையிலே படிக்க முடிகின்றது; எட்டு நூற்றாண்டு பழைய வாசகம் நான்காவது முறையாக ஊடகம் மாறி அங்கே வந்து நிற்கின்றது. கலமுடைந்தால் எவருக்கு எத்தனை கூறு என்பது அதில் ஐயமறத் தெரியும். சிதைந்த தொடக்க வரிகளில் ஓர் எழுத்தைப் பற்றி ஐயம் எழுமாயின், எவராயினும் குறிகட்டுவானிலே படகேறி நயினாதீவுக்குப் போய்க் கல்லைப் பார்த்து வரவேண்டியதுதான்.